பைக் இன்ஜினில் உப்பள வண்டி: கட்டும் முன் கணக்குப் போடுங்கள்

கடந்த மாதம் மரக்காணத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அத்தை மகனின் பையன் பேசினான். “மாமா, பழைய பைக் இன்ஜின் ஒண்ணு கிடைச்சிருக்கு. நாலு சக்கரம் வச்சு உப்பளத்துக்கு வண்டி கட்டப் போறேன். யூடியூப்ல பார்த்தேன், ஒரு வாரத்துல முடிச்சிடலாம்.”

நான் உடனே பதில் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே ஆசையில் அவன் அப்பாவும் நானும் ஒரு வண்டி கட்டினோம். அன்று வேளாண் முதுகலை படித்துக்கொண்டிருந்த எனக்கு மண்ணைப் பற்றித் தெரியும், இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருந்த மச்சானுக்கு இன்ஜினைப் பற்றித் தெரியும் என்று நம்பினோம். வண்டி ஓடியது. மூன்றாம் நாள் வரப்பின் ஓரம் சரிந்து கவிழ்ந்தது. அடுத்த வாரம், மூடி போடாத செயினில் மச்சானின் வலது கை விரல்நுனிகள் இரண்டு போயின. அத்தோடு வண்டியும் இரும்புக் கடைக்குப் போனது.

அவனிடம் அன்று சொன்ன பதிலை விரிவாக எழுதினால் கடலோர விவசாயிகளுக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

ஏன் இந்த ஆசை?

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தில் வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். தை பிறந்ததும் பாத்திகளைச் சீர்செய்து, வடகிழக்குப் பருவமழை வரும் வரை இங்கே உப்பு எடுக்கிறார்கள். பலகையால் வாரிக் குவித்த உப்பைச் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து கரைக்குக் கொண்டுசேர்ப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. என் அத்தையும் அந்த வேலைதான் பார்த்தார்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு நடைக்கு 25 கிலோ, நாளுக்கு 60 நடை, ஒவ்வொரு நடையும் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒன்றரை டன் உப்பு அவர் தலை மீது ஏறி இறங்குகிறது. சுமையோடு 6 கிலோமீட்டர், வெறுந்தலையோடு 6 கிலோமீட்டர் நடக்கிறார். வண்டி ஒன்று பாத்திக்கு 25 மீட்டர் பக்கத்தில் வந்து நின்றால் சுமையோடு நடக்கும் தூரம் ஒன்றரை கிலோமீட்டராகக் குறையும்.

உப்பளம் மட்டும் இல்லை. இந்தப் பகுதியின் மணற்பாங்கான நிலங்களில் தர்பூசணியும் மணிலாவும் சவுக்கும் விளைகின்றன. காயைச் சாலை வரை கொண்டுவர, மணலில் புதையாத சின்ன வண்டி இருந்தால் பெரிய உதவி. டிராக்டர் நுழைய முடியாத இடம், குட்டி யானை புதைந்துவிடும் இடம், மாட்டு வண்டியோ இன்று இல்லை. அந்த இடைவெளியில்தான் பைக் இன்ஜின் நினைவுக்கு வருகிறது.

முன்னோடிகள் யார்?

இந்த யோசனை புதிதல்ல. குஜராத் மாநிலம் அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, உழவு மாடும் ஆளும் கிடைக்காத நிலையில், 1994-ல் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அங்கே இரண்டு சக்கரங்கள் கொண்ட ஒரு சட்டத்தைப் பொருத்தினார். அந்தச் சட்டத்தில் களை எடுக்கும் கருவி, உழவுக் கருவி, விதைக்கும் கருவி என்று மாற்றி மாற்றி மாட்டலாம். ‘புல்லட் சாந்தி’ என்று பெயர் பெற்ற அந்தக் கருவியைத் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அங்கீகரித்தது. அமெரிக்கக் காப்புரிமையும் அதற்குக் கிடைத்தது.

அதே சௌராஷ்டிரப் பகுதியில் புல்லட்டின் முன்பாதியைக் கொண்ட ‘சக்கடா’ என்ற மூன்று சக்கர வண்டி ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்கிறது. வட இந்தியக் கிராமங்களில் நீர் இறைக்கும் டீசல் இன்ஜினை மரச்சட்டத்தில் ஏற்றி ‘ஜுகாட்’ என்று ஓட்டினார்கள். நம் சென்னையில் மீன்பாடி வண்டி இருக்கிறது. மிதித்து ஓட்ட வேண்டிய மூன்று சக்கர வண்டியில் பழைய பைக் இன்ஜினை மாட்டி ஓட்டுவது.

ஜகானியின் வெற்றியில் ஒரு பாடம் இருக்கிறது. அவர் எல்லா வேலைக்கும் ஒரு வண்டி கட்டவில்லை. தன் வயலின் மண், பயிர் வரிசை, வேலையின் வேகம் இவற்றுக்கு ஏற்றபடி கட்டினார். நாங்கள் மரக்காணத்தில் தோற்றதற்குக் காரணம், இன்ஜினிலிருந்து தொடங்கியதுதான். மண்ணிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

முதல் கணக்கு: மண்

உப்பளத்துக் களிமண் விசித்திரமானது. கெட்டியான உப்புநீர் ஊறியிருக்கும் வரை களிமண் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு ஓரளவு உறுதியாக நிற்கும. அதன் மீது மழைநீர் விழுந்து உப்பைக் கழுவிவிட்டால், துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியம் அவற்றைப் பிரித்துவிடும். மண் கூழாகிவிடும். நேற்று வரை வண்டி ஓடிய வரப்பு, ஒரு கோடை மழைக்குப் பின் சோப்புபோல் வழுக்குவது இதனால்தான். எங்கள் வண்டி கவிழ்ந்ததும் அப்படி ஒரு மழைக்கு மறுநாள். மழை பெய்தால் வரப்பு காய்ந்து, குதிகாலால் அழுத்தினால் பள்ளம் விழாத நிலை வரும் வரை வண்டியை எடுக்கக் கூடாது.

அடுத்து டயர். மென்மையான மண்ணில் சக்கரம் தரும் அழுத்தம் ஏறத்தாழ டயரில் உள்ள காற்றின் அழுத்தம்தான். வண்டி 180 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ, உப்பு 150 கிலோ. மொத்தம் சுமார் 400 கிலோ என்று வைப்போம். பைக் டயரில் 30 பாயிண்ட் காற்று இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 2.1 கிலோ எடை இறங்கும். எல்லாச் சக்கரங்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு 190 சதுர சென்டிமீட்டர்தான். அது கத்தி வைப்பதுபோல. அகலமான டயரில் 5 பாயிண்ட் காற்று வைத்தால் அழுத்தம் 0.35 கிலோவாகக் குறையும், தொடும் பரப்பு 1,100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டும். அதே எடை, ஆறில் ஒரு பங்கு அழுத்தம்.

ஆனால் சாதாரண பைக் டயரில் காற்றை 5 பாயிண்டாகக் குறைத்து ஓட்டக் கூடாது. டயர் ரிம்மை விட்டு நழுவும், பக்கச் சுவர் கிழியும். குறைந்த காற்றழுத்தத்துக்கென்றே செய்த அகல டயரும் அதற்குரிய ரிம்மும் வேண்டும். செலவில் கைவைக்கக் கூடாத முதல் இடம் இது.

எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் உப்பு விளையும் பாத்திக்குள் வண்டியை இறக்காதீர்கள். பருவத் தொடக்கத்தில் காலால் மிதித்து மிதித்து இறுக்கிய தளம் அது. சக்கரத் தடம் விழுந்தால் நீர் கசியும், சேறு கலந்து உப்பு நிறம் மாறும், விலை இறங்கும். மணிலா நிலத்தில் நேர்மாறு. அங்கே விழுது இறங்க மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். சக்கரம் போன தடத்தில் மண் இறுகிக் காய் பிடிக்காது. ஆக இரண்டு இடத்துக்கும் ஒரே விதி: வண்டிக்கு நிரந்தரமான ஒரு தடம் ஒதுக்குங்கள். அதைவிட்டு விலகக் கூடாது.

இரண்டாம் கணக்கு: இழுவை

நூறு சிசி பைக் இன்ஜின் ஏறத்தாழ 8 குதிரைத்திறன் தரும். கேட்க நிறைய இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அந்தத் திறன் வேகமாக ஓடுவதற்காக அமைக்கப்பட்டது. மெதுவாக இழுப்பதற்காக அல்ல.

உதாரணத்துக்கு, முதல் கியரில் இன்ஜின் 35 சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது, 55 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும். உப்பள வரப்புக்கு அது அதிக வேகம். இழுவையோ, உராய்வு இழப்பு போக, 80 கிலோ சொச்சம்தான் வரும். ஈர மண்ணில் 400 கிலோ வண்டி உருள, அதன் எடையில் கால் பங்கு, அதாவது 100 கிலோ இழுவை தேவைப்படலாம். கணக்கிலேயே வண்டி நின்றுவிடுகிறது. நிஜத்தில் ஓட்டுபவர் கிளட்சைப் பாதி பிடித்து இன்ஜினை அலற விடுவார். இரண்டு வாரத்தில் கிளட்ச் தகடு கருகும்.

தீர்வு எளிது. இன்ஜினுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு இடைத்தண்டு வைத்து, அதில் 15 பல் சக்கரத்தால் 45 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகும். இழுவை மூன்று மடங்காகும். மணிக்கு 5 கி.மீ., அதாவது மனிதர் நடக்கும் வேகம். இழுவை 240 கிலோவை நெருங்கும். புதைந்த சக்கரமும் வெளியே வரும்.

பைக் இன்ஜினா, ஆட்டோ இன்ஜினா?

பைக் இன்ஜினுக்கு மூன்று குறைகள் உண்டு. ஒன்று, அதைக் குளிர்விப்பது ஓட்டத்தில் அடிக்கும் காற்று. நடை வேகத்தில், சித்திரை வெயிலில் அந்தக் காற்று கிடைக்காது. இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு, பின்னோக்கிப் போகும் கியர் கிடையாது. வரப்பின் கடைசியில் வண்டியைத் திருப்ப இடம் இருக்காது, இறங்கித் தள்ள வேண்டும். மூன்று, டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கினால், திருப்பத்தில் ஒரு சக்கரம் மண்ணைச் சுரண்டிக்கொண்டே போகும். வரப்பின் ஓரம் அப்படித்தான் இடிகிறது.

ஆட்டோ ரிக்‌ஷா இன்ஜினில் இந்த மூன்றுக்கும் விடை இருக்கிறது. அதில் விசிறி காற்றை அடித்துக் குளிர்விக்கிறது. ரிவர்ஸ் கியரும் டிஃபரன்ஷியலும் கியர் பெட்டியோடு சேர்ந்தே வருகின்றன. மெதுவாக, சுமையோடு போவதற்கென்றே அமைத்த கியர் விகிதம். கையில் பைக் இன்ஜின் இருக்கிறது என்பதற்காக அதையே கட்டி அழ வேண்டாம். “கிடைத்ததை வைத்துக் கட்டுகிறேன்” என்று தொடங்கும் வண்டிக்குப் பிற்பாடு ஆகும் செலவே அதிகம்.

மூன்றாம் கணக்கு: கவிழாமல் இருப்பது

இரு பின்சக்கரங்களுக்கு இடையே 120 செ.மீ. அகலம், சுமையோடு சேர்த்து எடையின் மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், நான்கு சக்கர வண்டி 45 டிகிரி சாயும் வரை தாங்கும். அதே வண்டியில் உப்பைக் குவித்து ஏற்றி மையத்தை 90 செ.மீ.க்கு உயர்த்தினால் 34 டிகிரியிலேயே கவிழும். முன்னால் ஒற்றைச் சக்கரம் என்றால் அதற்கும் முன்பே. எனவே அகலமாகவும் தாழ்வாகவும் கட்டுங்கள். உப்புப் பெட்டி ஆக்சிலை ஒட்டிய உயரத்தில் இருக்கட்டும். சக்கர அகலத்துக்கு மேல் இருபுறமும் ஒரு முழமாவது மிச்சம் இருக்கும் பெரிய வரப்பில் மட்டும் ஓட்டுங்கள்.

நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2007 முதல் ‘பாஹா’ போட்டிக்காகச் சொந்தமாக வண்டி கட்டுகிறார்கள். 10 குதிரைத்திறன் இன்ஜினில் காடுமேடு ஓடும் ஒற்றை ஆள் வண்டி. அந்தப் போட்டியின் விதிகளிலிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு: ஓட்டுபவர் தலைக்கு மேல் குழாய்க் கூண்டு, இடுப்பையும் தோளையும் பிடிக்கும் பெல்ட், இன்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவில் தகட்டுச் சுவர், வண்டிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இன்ஜினை நிறுத்தும் இரண்டு சுவிட்சுகள்.

ஐந்தாவதை நான் சேர்க்கிறேன். செயினும் பல்சக்கரமும் முழுக்க மூடியிருக்க வேண்டும். புடவை, லுங்கி, துண்டு எதுவும் உள்ளே போகாதபடி மூட வேண்டும். செயினைச் சரிசெய்யும்போது இன்ஜின் ஓடக் கூடாது. சக்கரத்தைக் கையால் உருட்டிப் பார்த்தால் போதும். என் மச்சான் அன்று அதைச் செய்யவில்லை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

உப்பு என்னும் எதிரி

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு படியத் தொடங்கும் பாத்தி நீரில் அது 300 கிராமைத் தாண்டும். வண்டியில் தெறித்துக் காய்ந்த உப்பு சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். கடலோர இரவுகளில் இது சாதாரணம். அதாவது, வண்டி கொட்டகையில் நிற்கும்போதும் துரு வேலை செய்கிறது.

எனவே சட்டக் குழாய்களின் திறந்த முனைகளை வெல்டு வைத்து அடையுங்கள். உள்ளே நீர் போனால் வெளியே பளபளப்பாகவும் உள்ளே ஓட்டையாகவும் இருக்கும். வெல்டு செய்த இடங்களில் துத்தநாகப் பூச்சு அடித்து, அதன் மேல் பெயின்ட் அடியுங்கள். ஒயர் இணைப்புகளில் கிரீஸ் வைத்து மூடுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கழுவிய தண்ணீர் பக்கத்து மணிலா வயலுக்குப் போகாமல் உப்பளத்துப் பக்கமே வடியட்டும்.

ஏற்றுவது சாப்பிடும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. உப்பை இரும்புத் தொட்டியில் கொட்டாமல் பிளாஸ்டிக் கிரேட்டில் ஏற்றுங்கள். இன்ஜினுக்கும் செயினுக்கும் அடியில் எண்ணெய் சொட்டைப் பிடிக்கும் தட்டு அவசியம்.

சங்க காலத்தில் உப்பு விற்ற உமணர்கள் தங்கள் வண்டியின் கீழே உபரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று புறநானூறு சொல்கிறது. மேடு பள்ளத்தில் அச்சு முறியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் வண்டியிலும் ஒரு செயின் இணைப்பு, ஒரு பேரிங், ஒரு கிளட்ச் வயர் எப்போதும் இருக்கட்டும்.

சாலையில் ஏற்றாதீர்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, வேலி அடைத்த சொந்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கெனச் செய்த வண்டி ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறைக்குள் வராது. உப்பளம் அப்படியொரு வளாகமா என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுச் சாலைக்கு வந்தால் பதிவும் காப்பீடும் கட்டாயம். ‘ஜுகாட்’ வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, சட்ட நிபந்தனைகளை நிறைவேற்றாமல் ஓடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவான பைக்கின் அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றுவதையும் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. பழைய வண்டியைப் பிரித்து இன்ஜின் எடுத்தால், வண்டி பயன்பாட்டில் இல்லை என்பதை 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஜின் வாங்கிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

பக்கத்திலிருக்கும் கழுவெளி, பறவைகள் சரணாலயமாக 2021-ல் அறிவிக்கப்பட்ட இடம். அதன் சேற்று நிலத்தில் வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். அங்கே விழும் தடம் பறவைகள் இரை தேடும் மண்ணை இறுக்கிவிடும். வனத்துறை வழக்கும் வரும்.

சாலையையும் கடக்க வேண்டிய நிலை என்றால், பதிவு செய்து ஓட்டக்கூடிய சரக்கு இ-கார்ட்டைப் பாருங்கள். மெதுவான ஓட்டம், ரிவர்ஸ், புகையின்மை எல்லாம் அதில் இருக்கின்றன. பேட்டரி, மோட்டார் இணைப்புகளை உப்புநீர் தொடாமல் காப்பது மட்டும் நம் பொறுப்பு.

அத்தையின் கேள்வி

நாங்கள் வண்டி கட்டிய நாளில் அத்தை ஒரு கேள்வி கேட்டார்: “இது வந்துட்டா எங்க கூலி எங்கப்பா போகும்?” அன்று எங்களிடம் பதில் இல்லை, சிரித்து மழுப்பினோம்.

இன்று அதற்கு ஓரளவு பதில் சொல்ல முடியும். வண்டி பெரிய வரப்பு வரைதான் வரும். பாத்தியிலிருந்து வரப்புக்குச் சுமப்பதும், ஏற்றுவதும், இறக்குவதும் கைவேலைதான். தூரம் குறைந்ததைக் காரணம் காட்டி நடைக்கூலியைக் குறைத்தால் அல்லது ஆளைக் குறைத்தால், வண்டியின் லாபம் முழுவதும் ஒருவருக்குப் போகும், முட்டிவலி மட்டும் பெண்களிடம் தங்கும். அதனால் வண்டி வரும் முன்பே கூலியைப் பேசி முடிவு செய்ய வேண்டும். சுமை தூக்கும் பெண்களே ஒரு குழுவாகச் சேர்ந்து வண்டியை வைத்துக்கொண்டு, டன்னுக்கு இவ்வளவு என்று பேசினால் இன்னும் நல்லது. நடை வேக வண்டியை ஓட்டப் பெண்களும் பழகலாம்.

பையனிடம் கடைசியாக இதைத்தான் சொன்னேன்: “முதலில் இன்ஜினை ஓரமா வை. டேப் எடுத்துக்கிட்டுப் போய் வரப்பு அகலத்தை அள. மழை பெஞ்ச மறுநாள் அதே வரப்புல நடந்து பார். சுமக்கிற அக்காங்ககிட்ட எந்த இடத்துல வண்டி நின்னா உபயோகம்னு கேள். அப்புறம் உங்கப்பாகிட்ட கையைக் காட்டச் சொல்.”

போன வாரம் மறுபடி கூப்பிட்டான். பெரிய வரப்பின் அகலம் மூன்று இடங்களில் போதவில்லையாம். முதலில் வரப்பைக் கட்டப் போகிறானாம். சரியான இடத்தில்தான் தொடங்கியிருக்கிறான்.

(கட்டுரையாளர்: வேளாண் விஞ்ஞானி, உழவியல் துறை)